சர்க்கரையா, எலுமிச்சையா, வெறும் தண்ணீரா? பூச்சாடியில் எதைக் கலப்பது

பூங்கொத்து வீட்டுக்குள் நுழைந்த உடனேயே ஆளுக்கொரு வைத்தியம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். சர்க்கரை போடு என்பார் ஒருவர். ஆஸ்பிரின் என்பார் இன்னொருவர். செப்புக் காசு ஒன்றைப் போட்டுவை, பூ அசையாது என்று சத்தியமே செய்வார் மூன்றாமவர். வாசகர்கள் எழுதிக் கேட்பதிலும் இதே குழப்பம்தான் தெரிகிறது: "இவற்றில் எதுதான் உண்மையில் வேலை செய்கிறது? எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுவிட்டால் என்ன?"

எல்லாவற்றையும் போடக் கூடாது. சில வைத்தியங்கள் தனியாக நல்லவை, சேர்ந்தால் கெட்டவை. சில தனியாகக் கெட்டவை, துணையோடு நல்லவை. இன்னும் சில இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். எது எந்த வகை என்று பிரிப்பதற்கு, வெட்டிய பூ எதனால் சாகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

## எதை வைத்து எடை போடுவது

வெட்டிய பிறகும் பூ உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, மொட்டை விரிக்கிறது, இலைகள் வழியே நீரை ஆவியாக்குகிறது. வேர் மட்டும் இல்லை. அதற்கு மூன்று விதமாகச் சாவு வரும்.

முதலாவது தாகம். தண்டின் வெட்டுவாயிலிருந்து கசியும் சாறும், நீரில் மூழ்கி அழுகும் இலைகளும் கிருமிகளுக்கு விருந்து. அவை பெருகி, நீர் ஏறும் நுண்குழாய்களின் வாயை அடைத்துவிடுகின்றன. வெட்டியபோது உள்ளே புகுந்த காற்றுக் குமிழ்களும் அதே வேலையைச் செய்கின்றன. சாடி நிறையத் தண்ணீர் இருக்கும், பூ தாகத்தில் தவித்துக்கொண்டிருக்கும். இதழில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், தலை மட்டும் கழுத்தில் ஒடிந்ததுபோலத் தொங்கும் ரோஜாவைப் பார்த்திருப்பீர்கள். அது முதுமையில் சாகவில்லை, நீர் ஏறாமல் சாகிறது.

இரண்டாவது பசி. செடியில் இலைகள் ஊட்டிக்கொண்டிருந்த சர்க்கரை நின்றுவிட்டது. கையிருப்பு தீர்ந்ததும் மொட்டு பாதியில் நின்றுவிடுகிறது, நிறம் மங்குகிறது.

மூன்றாவது எத்திலீன் வாயு. பழுக்கும் பழங்களும் வாடும் பூக்களும் வெளியிடும் இந்த வாயு, பக்கத்தில் இருக்கும் பூக்களையும் முதுமைக்குத் தள்ளுகிறது. விளக்குக்கு எரித்த வாயுவில் செடிகளைப் பாதிப்பது எத்திலீன்தான் என்று ரஷ்யாவின் திமித்ரி நெல்யூபோவ் 1901இல் பட்டாணி நாற்றுகளைக் கொண்டு காட்டினார். விரிந்த கார்னேஷன் பூக்கள் திடீரென மூடிக்கொள்வதற்கும் அதே வாயுவே காரணம் என்பது 1908இல் தெரியவந்தது.

ஆகவே ஒவ்வொரு வைத்தியத்திடமும் கேட்க வேண்டியவை: கிருமியை அடக்குகிறதா? நீர் ஏற உதவுகிறதா? உணவு தருகிறதா? எத்திலீனைத் தள்ளிப்போடுகிறதா? இவற்றோடு, பொட்டலத்தில் எழுதியிராத செலவு என்ன என்பதையும் கேட்க வேண்டும். எறும்பு, கறை, வாடை, உங்கள் காலை நேரம் எல்லாமே செலவுதான்.

கடைகளில் கிடைக்கும் பூ உணவுப் பொடியில் இருப்பதும் இந்தக் கணக்குத்தான்: உணவுக்குச் சர்க்கரை, நீர் ஏறுவதற்கு ஓர் அமிலம், கிருமிக்கு ஒரு நஞ்சு. வீட்டு வைத்தியங்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் செய்கின்றன. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

## வெறும் தண்ணீர், தினமும் மாற்றுவது

வைத்தியம் என்றே யாரும் மதிக்காத இதற்குத்தான் நான் முதல் இடம் கொடுப்பேன். தாகச் சாவை நேராகத் தடுப்பது இது. கிருமி பெருகுவதற்குள் அதைத் தண்ணீரோடு கொட்டிவிடுகிறீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்டின் அடியை ஓர் அங்குலம் நறுக்கினால், அடைபட்ட பகுதியும் போய்விடுகிறது. தண்ணீருக்குள் வைத்தே நறுக்க முடிந்தால் காற்றுக் குமிழ் புகுவதையும் தவிர்க்கலாம்.

சாய்வாக வெட்டினால் அதிக நீர் ஏறும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. எப்படி வெட்டினாலும் குழாய்களின் எண்ணிக்கை ஒன்றுதான். சாய்வு வெட்டின் பலன், தண்டின் வாய் சாடியின் அடியில் தட்டையாக ஒட்டி அடைபடாது என்பது மட்டுமே. அதைவிட முக்கியம் கத்தியின் கூர்மை. மழுங்கிய கத்தரிக்கோல் குழாய்களை நசுக்கிவிடும். தண்டின் நுனியைச் சுத்தியலால் நசுக்கினால் நீர் நன்றாக ஏறும் என்ற பழைய யோசனையையும் விட்டுவிடுங்கள். நசுங்கிய திசுவிலிருந்து கசியும் சாறு கிருமிகளுக்குத்தான் கொண்டாட்டம்.

இதன் மறைமுகச் செலவு உழைப்பு. தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது, சாடியையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மூன்று நாள் பூ இருந்த சாடியின் உட்பக்கத்தை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். பாசி பிடித்த படிக்கட்டைப் போல வழுக்கும். அந்த வழவழப்புதான் எதிரி. அதை அப்படியே விட்டுவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினால், பழைய கிருமிகளைப் புது வீட்டில் குடியேற்றுகிறோம். அழகாக அடுக்கிய பூங்கொத்தைத் தினமும் கலைத்துத் திரும்ப அடுக்க வேண்டும் என்பதும் ஒரு தொல்லை. தண்டுகளைக் கழுத்துப் பகுதியில் நூலால் தளர்வாகக் கட்டிவிட்டால் மொத்தமாகத் தூக்கி வைக்கலாம்.

இந்த முறை உணவு தராது. நன்றாக விரிந்த நிலையில் வந்த பூக்களுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. இறுகிய மொட்டுகளாக வந்தவைதான் ஏங்கும்.

## சர்க்கரை மட்டும்

வீடுகளில் அதிகம் செய்யப்படும் தவறு இதுதான். நானும் செய்திருக்கிறேன். ஒரு ரோஜாக் கொத்துக்கு நல்லது செய்வதாக நினைத்து இரண்டு கரண்டி சர்க்கரையைக் குவித்துப் போட்டேன். மூன்றாம் நாள் தண்ணீர் கஞ்சித் தெளிவைப் போலக் கலங்கியிருந்தது, தண்டுகளின் அடி கொழகொழத்துப் பழுப்பாகியிருந்தது, சாடியின் கழுத்திலிருந்து சன்னல் வரை எறும்புகள் சாலை போட்டிருந்தன. பக்கத்தில் வெறும் தண்ணீரில் நின்ற மிச்ச ரோஜாக்கள் நிமிர்ந்திருந்தன.

காரணம் எளியது. பூவுக்குச் சர்க்கரை தேவை என்பது பொய்யல்ல. ஆனால் கிருமிக்கு அது பூவைவிட அதிகம் தேவை. தடுப்பு எதுவும் இல்லாமல் சர்க்கரை போடுவது பாம்புக்குப் பால் வார்ப்பதுதான். பசியைத் தீர்க்கப் போய்த் தாகத்தில் கொல்கிறோம். அளவு கூடினால் இலைகளின் ஓரம் கருகவும் செய்யும்.

சர்க்கரையை மட்டும் போடுவது நல்ல தேர்வாக இருக்கும் சூழ்நிலை ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

## சர்க்கரையும் எலுமிச்சையும்

அதே சர்க்கரை, ஓர் அமிலத்தின் துணையோடு வரும்போது குணம் மாறுகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. அமிலம் கலந்த தண்ணீர் தண்டில் எளிதாக ஏறுகிறது. கிருமிகளின் வளர்ச்சியும் ஓரளவு மட்டுப்படுகிறது. ஓரளவுதான், முழுக்க அல்ல. எனவே இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது இந்தக் கலவையைப் புதிதாகச் செய்ய வேண்டும். ஒரு வாரத்துக்குக் கலக்கி வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல.

சாற்றை நன்றாக வடிகட்டிய பிறகே ஊற்றுங்கள். சதைத் துணுக்குகள் உள்ளே போனால் அவையே அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். எறும்பு வரத்தான் செய்யும். சாடியை ஒரு தட்டில் வைத்து, தட்டில் தண்ணீர் நிறுத்தினால் தீர்ந்தது. உலோகச் சாடியில் அமிலக் கலவை வேண்டாம், மெல்ல அரித்துக் கறையாக்கும்.

மொட்டு நிலையில் வந்த ரோஜா, கார்னேஷன் ஆகியவற்றுக்கு இது நன்றாகப் பொருந்தும். மொட்டு முழுதாக விரிவதற்கான தெம்பு இந்தச் சர்க்கரையில் கிடைக்கிறது. துலிப்புக்கும் டாஃபோடிலுக்கும் சர்க்கரையால் பெரிய லாபம் இல்லை, அவற்றுக்குக் குளிர்ந்த சுத்தமான தண்ணீர் போதும்.

## வினிகர்

எலுமிச்சை இல்லாத நாளில் வெள்ளை வினிகர் அதே வேலையைச் செய்யும். அதிலிருக்கும் அசிட்டிக் அமிலம் கிருமியை அடக்குவதில் சற்றுக் கெட்டிக்காரன் என்றே சொல்லலாம். லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போக வேண்டாம். வாடை உண்டு. மணத்துக்காக வாங்கிய பூவின் அருகே வினிகர் வாடை வீசுவது எனக்குப் பிடிப்பதில்லை. உங்கள் மூக்கு வேறாக இருக்கலாம். பளிங்கு மேசைமேல் சிந்தினால் பளபளப்புப் போய்விடும், அந்தக் கறை துடைத்தாலும் போகாது.

## எலுமிச்சைச் சுவைச் சோடா

நிறமில்லாத சோடா பானத்தில் சர்க்கரையும் சிட்ரிக் அமிலமும் ஏற்கனவே கலந்திருக்கின்றன. அளந்து கலக்கச் சோம்பல் என்றால் ஒரு பங்கு சோடாவுக்கு மூன்று பங்கு தண்ணீர். இதில் இரண்டு பொறிகள் உண்டு. சர்க்கரை இல்லாத வகையை ஊற்றினால் பூவுக்கு உணவு கிடைக்காது. மூன்று பங்கு தண்ணீரைக் குறைத்தால் சர்க்கரை மிகுந்து கிருமிக்குப் பந்தி விரித்ததாகிவிடும். மற்றபடி எலுமிச்சைக் கலவைக்குச் சொன்ன நல்லதும் கெட்டதும் இதற்கும் பொருந்தும். விருந்து முடிந்து அரைப் பாட்டில் மிஞ்சியிருந்தால் பயன்படுத்துங்கள். இதற்கென்று காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

## சில துளி பிளீச்

இதை "இயற்கை" வைத்தியம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒப்பீட்டிலிருந்து விலக்குவது நேர்மையாக இராது, ஏனென்றால் கிருமியை அடக்குவதில் வீட்டில் இருக்கும் எதுவும் இதற்கு ஈடில்லை. வாசனை சேர்க்காத சாதாரண பிளீச் திரவம், லிட்டருக்குக் கால் தேக்கரண்டி. அவ்வளவுதான். மேலே சொன்ன சர்க்கரை எலுமிச்சைக் கலவையில் இதையும் சேர்த்தால், உணவு, அமிலம், கிருமித் தடுப்பு மூன்றும் கூடிவிடுகின்றன. கடைப் பொடிக்கு மிக அருகில் வரும் வீட்டுக் கலவை இதுதான்.

சேர்க்கும் முறையில்தான் கவனம் வேண்டும். பிளீச்சும் அமிலமும் நீர் கலக்காமல் நேராகச் சந்தித்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆபத்து. முதலில் சாடி நிறையத் தண்ணீர், அதில் எலுமிச்சையும் சர்க்கரையும் கரைத்த பிறகு, கடைசியாக அந்தச் சிறு அளவு பிளீச். காலிச் சாடியில் இரண்டையும் ஒன்றாக ஊற்றும் வேலை ஒருபோதும் வேண்டாம். வினிகரோடு சேர்க்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள்.

பிளீச்சின் வீரியம் வெளிச்சத்திலும் அழுக்கிலும் விரைவில் தேய்ந்துவிடும். இரண்டு மூன்று நாளில் தண்ணீரோடு புதுப்பிக்க வேண்டும். துணியில் சிந்தினால் வெள்ளைத் திட்டு நிரந்தரம். குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ இருக்கும் வீட்டில், சாடியில் வாய் வைக்கக்கூடியவர்கள் யார் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பூனை வளர்ப்பவர்களுக்கு இன்னொரு சொல்: லில்லி வகைப் பூக்கள் பூனையின் சிறுநீரகத்தையே கெடுக்கும், அவை நின்ற தண்ணீரும் நஞ்சு. அங்கே கேள்வி எதைக் கலப்பது என்பதல்ல, அந்தப் பூவை வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்பதுதான்.

## பேர் பெற்ற, பலன் குறைந்த வைத்தியங்கள்

ஆஸ்பிரின் தண்ணீரைச் சற்றே அமிலமாக்கும். உணவு தராது, கிருமியை அடக்கும் அளவுக்கு வலுவும் இல்லை. மாத்திரையை மருந்துப் பெட்டியிலேயே விட்டுவைக்கலாம்.

செப்புக் காசுக்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது: செம்பு கிருமியைக் கொல்லும். ஆனால் காசிலிருந்து தண்ணீரில் கரையும் செம்பு மிகச் சொற்பம். ஒரு காசு ஒரு சாடியைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது.

வோட்கா சில துளி என்பார்கள். கார்னேஷன் போன்ற பூக்களில் ஆல்கஹால் எத்திலீன் உற்பத்தியைக் குறைப்பது மெய்தான். அதற்குத் தண்ணீரில் நூற்றுக்குச் சில பங்காவது ஆல்கஹால் இருக்க வேண்டும். சில துளி போதாது, அதிகம் ஊற்றினால் தண்டே கெடும்.

சமையல் சோடாவை விட்டுவிடுங்கள். அது தண்ணீரைக் காரமாக்கும், நமக்கு வேண்டியதோ அமிலம்.

படிகாரம் மட்டும் கொஞ்சம் மரியாதைக்குரியது. ஹைட்ரேஞ்சியாவின் தண்டை நறுக்கிய கையோடு படிகாரத் தூளில் தொட்டு வைப்பது பூ அடுக்குவோரின் பழைய பழக்கம். படிகாரத்தைப் போன்ற அலுமினிய உப்புகள் வணிகக் கலவைகளிலும் இடம்பெறுகின்றன, அவை நீரை அமிலமாக்கிக் கிருமியை மட்டுப்படுத்துகின்றன. ஹைட்ரேஞ்சியாவுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அது இதழ் வழியாகவும் நீர் குடிக்கும். துவண்டால் தலையையே அரை மணி நேரம் தண்ணீரில் அமிழ்த்தி எடுக்கலாம்.

## இரவில் குளிர்சாதனப் பெட்டி

தண்ணீரில் எதையும் கலக்காத இந்த வைத்தியம், மூன்று சாவுகளையும் ஒரே நேரத்தில் மெதுவாக்குகிறது. குளிரில் பூவின் மூச்சு தணிகிறது, கிருமி மெதுவாகப் பெருகுகிறது, எத்திலீன் உற்பத்தியும் குறைகிறது. பூ வணிகத்தில் ரோஜாவை 0 முதல் 2 டிகிரி செல்சியஸ் வரை குளிரில் வைப்பதும் இதற்காகத்தான். வீட்டுப் பெட்டி பொதுவாக 4 டிகிரி அளவில் இருக்கும். படுக்கப் போகும்போது உள்ளே, காலையில் வெளியே.

செலவு? முதலில் இடம். ஒரு தட்டையே எடுத்துவிட வேண்டியிருக்கும். அடுத்தது பழம். ஆப்பிளும் வாழைப்பழமும் இருக்கும் பெட்டிக்குள் கார்னேஷனை வைப்பது, எத்திலீன் நிறைந்த அறைக்குள் பூட்டி வைப்பதற்குச் சமம். பழத்தை வெளியே எடுக்க முடியாதென்றால் பூவை உள்ளே வைக்காதீர்கள். ஆந்தூரியம், ஹெலிகோனியா, பல ஆர்க்கிட் வகைகள் போன்ற வெப்ப மண்டலப் பூக்களுக்கு இந்தக் குளிர் ஆகாது, கறுத்துப்போகும்.

## ஒரே பார்வையில்

| வழி | கிருமித் தடுப்பு | நீர் ஏற உதவி | உணவு | மறைமுகச் செலவு | எப்போது ஏற்றது |
|---|---|---|---|---|---|
| தினமும் புதுத் தண்ணீர், நறுக்குதல் | நன்று | நன்று | இல்லை | தினசரி உழைப்பு | விரிந்த பூக்கள், துலிப், டாஃபோடில் |
| சர்க்கரை மட்டும் | கெடுக்கும் | கெடுக்கும் | உண்டு | கலங்கல், எறும்பு | எப்போதும் வேண்டாம் |
| சர்க்கரை, எலுமிச்சை | ஓரளவு | நன்று | உண்டு | எறும்பு, வடிகட்டும் வேலை | மொட்டு ரோஜா, கார்னேஷன் |
| வினிகர், சர்க்கரை | ஓரளவு | நன்று | உண்டு | வாடை, பளிங்கில் கறை | எலுமிச்சை இல்லாதபோது |
| சோடா 1, தண்ணீர் 3 | ஓரளவு | நன்று | உண்டு | அளவு தப்பினால் கிருமி பெருகும் | மிச்சம் கிடக்கும்போது |
| சர்க்கரை, எலுமிச்சை, பிளீச் | மிக நன்று | நன்று | உண்டு | துணிக் கறை, தவறாகக் கலந்தால் ஆபத்து | தினமும் தண்ணீர் மாற்ற முடியாதவர்கள் |
| இரவுக் குளிர் | மெதுவாக்கும் | நேரடியாக இல்லை | இல்லை | இடம், பழங்களை அகற்றுதல் | ஒரு குறிப்பிட்ட நாள் வரை காக்க |

## உங்கள் கதை எது

முடிவைத் தீர்மானிப்பது பூவைவிட நீங்கள்தான். தினமும் சாடியைக் கழுவுவீர்களா என்று உங்களையே ஒளிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். கழுவுவேன் என்றால் வெறும் தண்ணீர் போதும். மொட்டுகளாக இருந்தால் மட்டும் சர்க்கரை எலுமிச்சை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் கை போகும் என்றால் பிளீச் சேர்ந்த கலவை. ஒரு வாரம் யாரும் தொட மாட்டார்கள் என்றால் எந்த வைத்தியமும் தாங்காது. நீரில் மூழ்கும் இலைகளை எல்லாம் கிள்ளிவிட்டு, வெயிலும் மின்விசிறிக் காற்றும் படாத மூலையில் வைத்துவிட்டுப் போங்கள்.

நாளை மறுநாள் நடக்கும் ஒரு விழாவுக்காக முன்கூட்டியே வாங்கிய ரோஜாவா? குளிர்சாதனப் பெட்டி.

பல வகைப் பூக்கள் கலந்த கொத்தா? அதில் டாஃபோடில் இருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள். அதன் தண்டு கசியும் வழுவழுப்புச் சாறு மற்றவற்றைக் கெடுக்கும், துலிப் அதில் சீக்கிரம் துவளும். ஓர் இரவு தனிச் சாடியில் நிறுத்திச் சாற்றை வடியவிட்டு, தண்டை மறுபடி நறுக்காமல் சேர்த்துக்கொள்ளலாம். ஜெர்பெராவுக்குத் தண்ணீர் குறைவாக, நாலு விரல் உயரத்துக்கு மட்டும். அதன் மயிரடர்ந்த தண்டு ஆழத் தண்ணீரில் விரைவில் அழுகும். ஃபுளோரைடு கலந்த குழாய்த் தண்ணீரும் அதற்கு ஆகாது.

ஏற்கனவே ரோஜாவின் தலை தொங்கிவிட்டதா? கலவை எதுவும் இனி உதவாது, நீர்ப் பாதையைத் திறக்க வேண்டும். தண்ணீருக்குள் வைத்தே அடித்தண்டை இரண்டு அங்குலம் நறுக்குங்கள். பிறகு பூவை முழுதாக, தலை முதல் தண்டு வரை, வெதுவெதுப்பான தண்ணீரில் படுக்க வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் கழுத்து விறைத்திருக்கும். அதற்கும் நிமிராவிட்டால் தண்டைத் தலைக்குக் கீழேயே வெட்டிவிட்டு, பூவை மட்டும் அகலமான கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். இன்னும் ஒன்றிரண்டு நாள் இருக்கும்.